பிணை நின்றவர்கள்: லண்டனில் ஒரு ஷோகன் காலக் கண்காட்சி

ஊரிலிருந்து வருகிறவர்களை லண்டனில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று தேடித்தான் பலரும் இந்தப் பக்கத்துக்கு வருகிறீர்கள். மணிக்கூட்டுக் கோபுரம், அரண்மனை, ஆற்றங்கரை, ராட்சதச் சக்கரம் எல்லாம் முன்பே எழுதியாயிற்று. இந்தப் பதிவு ஒரு ஜப்பானியக் கண்காட்சியைப் பற்றியது. காலையில் போய் இரண்டு மணித்தியாலத்தில் பார்த்து முடித்துவிட்டு, தமிழ்க் கடைகள் நிறைந்த டூட்டிங்கில் கொத்துரொட்டி சாப்பிட்டு வீடு திரும்புவதாகத் திட்டம். டூட்டிங் போகவே இல்லை.

முதலில் யார் யார் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். நான், என் கணவர் சிவநேசன், அவருடைய தங்கை வதனா. வதனா எனக்கு மச்சாள். கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறார். கலியாணம் செய்யவில்லை. இரண்டு முறை விசா மறுத்து, மூன்றாவது முறை கொடுத்தார்கள். இந்த வருடம் சித்திரை விடுமுறையை ஒட்டி ஆறு கிழமைக்கு, அதாவது ஆறு வாரத்துக்கு, எங்கள் ஹரோ வீட்டுக்கு வந்தார். அண்ணனும் தங்கையும் முப்பது வருடத்துக்குப் பிறகு நேரில் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் ஊரை விட்டு வந்தபின் ஒருமுறையும் திரும்பிப் போகவில்லை. முதலில் இங்கே தங்கும் விசா இல்லை, பிறகு துணிவு இல்லை. நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள், அங்கிருந்தே இங்கே படிக்க வந்தவள். வடக்கில் யுத்த காலத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பெரும்பாலும் இவர் வாயால் கேட்ட கதைதான்.

கண்காட்சியைக் கண்டுபிடித்தது மச்சாள். ரயில் மேடையில் ஒரு பெரிய விளம்பரத் தாள், கோட்டை ஒன்றின் படத்தோடு: ஷோகன் ஆட்சியில் ஜப்பானிய அரசும் மக்களும். மச்சாள் அதற்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணி, இதை நான் படிப்பிக்கிறனான். படம் ஒண்டும் இல்லாமல் வெறும் வாயால. உண்மையான சாமான் கொண்டுவந்து வைச்சிருக்கினமோ?"

"கொண்டுவந்துதான் இருக்கும். போவமா?" என்றேன். அவ்வளவுதான் முடிவெடுத்தது.

ஒரு சனிக்கிழமை. மகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, ஹரோ ஒன் த ஹில் நிலையத்தில் மெட்ரோபொலிட்டன் லைன் எடுத்தோம். விரைவு ரயில் கிடைத்தால் பேக்கர் ஸ்ட்ரீட்டுக்கு இருபது நிமிடம் பிடிக்கும். அங்கிருந்து பஸ், ஒரு பவுண் எழுபத்தைந்து. இவர் பஸ் சாரதி. விடுமுறை நாளில் பஸ்ஸில் ஏறுவதென்றால் முகம் சுழிப்பார். அன்றும் ஏறி இருந்தவுடன் ஓட்டுநர் பிரேக் பிடிக்கும் விதத்தைக் குறை சொல்லத் தொடங்கினார். மச்சாள் சிரித்துக்கொண்டு வந்தார். அன்று காலை அவர்கள் இரண்டு பேரும் நல்ல சந்தோஷமாக இருந்தார்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

அருங்காட்சியகம் சிறியது. கண்காட்சி முடிந்துவிட்டதால் பெயர் போடுவதில் பிரயோசனமில்லை. நுழைவுக் கட்டணம் ஒருவருக்குப் பதினான்கு பவுண், ஆசிரியருக்குக் குறைவு. மச்சாள் இலங்கை ஆசிரியர் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கவுண்டரில் இருந்த பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனாலும் சிரித்துக்கொண்டு குறைந்த விலையில் டிக்கெட் தந்தாள்.

முதலாவது கூடத்தில் எடோ நகரத்தின் பழைய வரைபடம், ஒரு சுவர் முழுக்க. எடோ என்பது இன்றைய டோக்கியோ. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாக, தொகுகாவா குடும்பத்து ஷோகன்கள் அங்கிருந்து நாட்டை ஆண்டார்கள். சக்கரவர்த்தி ஒருவர் இருந்தார், கியோட்டோவில், மரியாதையோடும் அதிகாரம் இல்லாமலும். இதையெல்லாம் நான் சுவரில் வாசிக்கவில்லை, மச்சாள் சொல்லித்தான் கேட்டேன். அவருக்கு வகுப்புக் குரல் வந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு சீனப் பிள்ளைகூட, தமிழ் தெரியாமலே, அவர் கை காட்டிய இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஷோகன் எண்டா ராசா இல்லை அண்ணி. தளபதி. ராசா பேருக்கு இருக்க, தளபதி ஆளுறது. நாட்டில இருநூற்றைம்பதுக்கு மேல பிரபுக்கள், ஒவ்வொருத்தருக்கும் சொந்தப் படை. ஒருத்தன் வெளிக்கிட்டா மற்றவனும் வெளிக்கிடுவான். அவ்வளவு பேரையும் சண்டை பிடிக்காமல் வைச்சிருக்க வேணும். என்னெண்டு வைச்சிருந்தவை எண்டதுதான் பாடம்."

சுவரில் பெரிய எழுத்தில் நீண்ட சமாதானத்தின் காலம் என்று போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை. அந்தக் காலத்தில் பெரிய யுத்தம் என்று சொல்ல அதிகம் இல்லை. அழகான தேநீர்க் கோப்பைகள், பட்டாடைகள், நாடக முகமூடிகள் என்று அந்தச் சமாதானத்தில் செய்த பொருட்களும் நிறைய இருந்தன. படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு அந்தக் கூடம் போதும். இவரும் அங்கே நிறையப் படம் எடுத்தார்.

இரண்டாவது கூடம் இருட்டு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அங்கே இருந்தது. வாள் வைத்திருக்கும் சாமுராய் மேலே, பிறகு விவசாயி, கைவினைஞர், வியாபாரி. அதற்கும் கீழே, பிணத்தையும் தோலையும் தொட்டு வேலை செய்தவர்கள், ஊருக்கு வெளியே. இந்தக் கடைசி வரிசையை விளக்க மச்சாளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. "உது எங்கட பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, கேட்டவுடன விளங்கும்" என்றார்.

ஐந்து வீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஐந்தைச் சேர்த்து ஒரு குழு. ஒரு வீடு வரி கட்டாவிட்டால் மற்ற நாலும் கட்ட வேண்டும். ஒரு வீட்டில் குற்றம் நடந்தால் மற்ற நாலுக்கும் தண்டனை. ஆகவே ஒவ்வொரு வீடும் மற்ற நாலையும் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பக்கத்தில் கறுத்துப்போன ஒரு மரப்பலகை. கிறிஸ்தவர்களைக் காட்டிக்கொடுத்தால் இவ்வளவு வெள்ளி என்று எழுதி ஊர்ச் சந்தியில் நட்டிருந்த பலகை. இன்னொரு கண்ணாடிப் பெட்டியில், கையளவு வெண்கலத் தகடு, குழந்தையுடன் ஒரு தாய் உருவம். அதை மிதிக்கச் சொல்வார்களாம். மிதித்தால் கிறிஸ்தவர் இல்லை. தயங்கினால் பிடித்துக்கொண்டு போவார்கள். தாயின் முகம் தேய்ந்து வழவழப்பாகப் போயிருந்தது. அவ்வளவு பேர் மிதித்திருக்கிறார்கள்.

அந்தக் கூடத்தில் மச்சாளுக்குப் பிடித்தது ஒரு தாள். பஞ்சத்தில் வரியைக் குறைக்கச் சொல்லி ஒரு ஊர் விவசாயிகள் கொடுத்த மனு. கையெழுத்துகளை வரிசையாகப் போடாமல், குடையின் கம்பிகள் போல வட்டமாகப் போட்டிருந்தார்கள். முதலாவது பெயர் எது, கடைசிப் பெயர் எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் முதல் பெயர்க்காரனைத் தலைவன் என்று கொன்றுவிடுவார்கள். சில இடங்களில் மனுவை ஏற்று வரியைக் குறைத்துவிட்டு, மனுக் கொடுத்தவனையும் கொன்றிருக்கிறார்கள்.

"கெட்டிக்காரர்" என்று மச்சாள் மெதுவாகச் சொன்னார். "பயத்திலதான் உப்பிடி மூளை வேலை செய்யும்."

மூன்றாவது கூடம் பாதைகளைப் பற்றியது. ஒவ்வொரு பிரபுவும் ஒரு வருடம் எடோவில் ஷோகனின் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும், மறு வருடம் சொந்த ஊருக்குப் போகலாம். போகும்போது மனைவியையும் வாரிசுப் பிள்ளையையும் எடோவில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அவன் ஊரில் படை திரட்டினால் இங்கே அவர்களின் கதை முடிந்தது. பெரிய மாளிகை, வேலையாட்கள், பட்டு எல்லாம் உண்டு. வெளியே போக மட்டும் ஏலாது. அதற்காகப் பாதைகளில் சோதனைச் சாவடிகள். எடோவுக்கு உள்ளே துப்பாக்கி வருகிறதா, எடோவிலிருந்து வெளியே பெண் போகிறாளா என்றுதான் முக்கியமாகப் பார்த்தார்களாம். வெளியே போகும் பெண்ணுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் அவளுடைய தலைமயிர், மச்சம், தழும்பு வரைக்கும் எழுதியிருக்கும். சாவடியில் இருக்கும் கிழவி ஒருத்தி கொண்டையை அவிழ்த்துப் பார்த்து, எழுத்தோடு ஒப்பிட்டுத்தான் விடுவாள்.

அந்தக் காட்சியைத்தான் ஒரு படத்தில் வரைந்திருந்தார்கள். அவிழ்ந்த கூந்தலோடு குனிந்திருக்கும் பெண், பின்னால் கிழவி, திண்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரி.

இவர் அதுவரைக்கும் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பி வந்து படத்தைப் பார்த்தார்.

"உதைப் பாருங்கோவன். எங்கட பாஸ் கந்தோர் மாதிரியே கிடக்கு."

இதை விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் வடக்கில் இவர்களுடைய ஊரைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த ஆயுத இயக்கத்தவர்கள், தங்கள் எல்லையை விட்டு வெளியே போவதற்கு அவர்களுடைய கந்தோரில், அதாவது அலுவலகத்தில், பாஸ் எனும் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டில் இருப்பவர்கள் பிணை நின்று கையெழுத்து வைக்க வேண்டும். இவர் அப்படிப் பாஸ் எடுத்து வெளியேறித்தான் கொழும்பு வந்து, ஒரு வருடத்துக்கு மேல் அங்கே இருந்து, மொஸ்கோ போய், பல மாதங்களுக்குப் பிறகு லண்டன் வந்து சேர்ந்தார். அந்தப் பாஸ் எடுத்த கதை எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். பிறந்தநாள் விழாவில் சொல்வார், கோயில் மண்டபத்தில் சொல்வார். நானே ஐம்பது தரம் கேட்டிருப்பேன். கேட்டு ஐம்பது தரமும் சிரித்திருக்கிறேன்.

அன்றும் சொல்லத் தொடங்கினார். மாமாவின் செத்தவீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னதாம். பாஸ் எழுதுகிறவர் இவரை மேலும் கீழும் பார்த்தாராம். பிறகு, வடக்குக்குப் பற்றரி கொண்டுபோக அரசாங்கம் அந்தக் காலத்தில் தடை போட்டிருந்ததால், குரலைத் தாழ்த்தி, "தம்பி, வரேக்க எனக்கு டோர்ச்சுக்கு நாலு பற்றரி கொண்டு வா" என்றாராம்.

"நாலென்ன அண்ணை, எட்டுக் கொண்டு வாறன் எண்டனான். மனிசன் இப்பவும் டோர்ச்சை வைச்சுக்கொண்டு இருட்டுக்க நிண்டாலும் நிப்பார்."

இவர் சிரித்தார். நானும் வழக்கம்போலச் சிரித்தேன். வதனா சிரிக்கவில்லை. படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அண்ணை, உங்களுக்குப் பிணை நிண்டது ஆர்?"

"நீதானே. நீயும் அம்மாவும்."

"நான் வந்து ஒரு மாசம். இந்தக் கதையை மூண்டு தரம் கேட்டிட்டன். அதில நானும் அம்மாவும் ஒருக்காலும் வாறேல்லை."

இவர் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. "என்ன பிள்ளை, பகிடிக்குச் சொல்லுற கதை" என்றார்.

"ஓம். பகிடிதான். அந்தப் பற்றரிக்காரர் ஒரு ஆறு மாசம் பொறுத்துப் பாத்திட்டு எங்கட வீட்டுக்கு வந்தவர். சத்தம் போடேல்லை. மரியாதையாத்தான் கதைச்சவர். இந்த வீட்டில இருந்து இனி ஒருத்தரும் வெளிய போகேலாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

"அதாலயோ நீ கம்பஸ் போகாதது? அம்மாவைத் தனிய விட விருப்பமில்லை எண்டெல்லோ எழுதினனீ?"

"அப்பிடித்தான் எழுதினனான்."

வதனாவுக்குத் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். பிற்காலத்தில், முப்பது வயதுக்கு மேல், வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் எடுத்தார் என்று மட்டும் தெரியும்.

"கம்பஸ் போனாப் போகட்டும்" என்றார் வதனா. குரல் உயரவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு, படத்தைப் பற்றி ஏதோ பேசுகிறோம் என்றுதான் தோன்றியிருக்கும். "அம்மா ஹார்ட் அட்டாக்கில சாகேல்லை அண்ணை. நெஞ்சில கட்டி."

இவர் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"பெரியாஸ்பத்திரியில பாத்திட்டு, இஞ்ச மருந்து இல்லை, கொழும்புக்குக் கொண்டு போங்கோ எண்டு துண்டு எழுதித் தந்தவை. அந்தத் துண்டையும் கொண்டு பாஸ் கந்தோருக்கு நடந்தனான். கிழமைக்குக் கிழமை நடந்தனான். அந்த ஆள்தான் இருந்தவர். 'உன்ர அண்ணன் வரட்டும், கொம்மா போகலாம்' எண்டவர். வேற ஒண்டும் சொல்லேல்லை. ஒவ்வொரு கிழமையும் உதே சொல்லுத்தான். கடைசியா நான் போறதை விட்டிட்டன். அம்மாக்கும் பிறகு எழும்ப ஏலாமல் போட்டுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" இவர் குரல் எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

"அம்மா சொல்ல வேண்டாம் எண்டவ. தனிய நிக்கிறான், தாங்க மாட்டான் எண்டவ. பிறகு நீங்கள் வேலைக்குப் போனீங்கள். பிறகு கலியாணம், பிறகு பிள்ளை. எந்த நாள் பாத்துச் சொல்லுறது?"

"சொல்லியிருந்தா..."

"வந்திருப்பீங்களே?"

இவர் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சுவரைத் தொட வேண்டாம் என்று காவலுக்கு நின்ற பெண் பணிவாகச் சொன்னாள். கையை எடுத்தார். பிறகு, வந்த வழியே, இருட்டுக் கூடத்துக்குள்ளால் நடந்து வெளியே போய்விட்டார்.

நான் பின்னால் போக வெளிக்கிட்டேன். மச்சாள் என் கையைப் பிடித்தார். 

"விடுங்கோ அண்ணி. கொஞ்சம் தனிய நிக்கட்டும். இன்னும் ஒரு கூடம் கிடக்கு. பாத்திட்டுப் போவம்."

இதை வாசிக்கும்போது அவர் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள். நானும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவருடைய கை என் கையை விடவில்லை. கடைசிக் கூடம் முழுவதும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார். நடக்கும்போது கொஞ்சம் சாய்ந்தார். வாசிக்கிறார் என்று நான் நினைத்த இடங்களில் வெறுமனே நின்றுகொண்டிருந்தார்.

கடைசிக் கூடத்தில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். நாட்டை விட்டு ஜப்பானியர் யாரும் வெளியே போகக்கூடாது, வெளியே போனவர் திரும்பி வந்தால் மரணதண்டனை என்று ஒரு காலத்தில் சட்டம் போட்டார்கள். புயலில் அடிபட்டு வேறு கரையில் ஒதுங்கிய மீனவர்களுக்குக்கூட வீடு திரும்புவது பயங்கரமாக இருந்தது. வெளியுலகத்துக்கு வாசலாக நாகசாகியில் ஒரு சிறிய செயற்கைத் தீவு, அங்கே ஒல்லாந்து வியாபாரிகள். முடிவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கப்பல்கள் வந்து, எல்லாம் ஆட்டம் காணத் தொடங்கியது. 1862இல் பிரபுக்களின் மனைவி பிள்ளைகளை ஊருக்குப் போகவிட்டார்கள். எடோ மாளிகைகள் வெறிச்சோடின. ஆறு வருடத்துக்குள் ஷோகன் ஆட்சியே இல்லாமல் போனது.

அந்த இடத்தில் மட்டும் மச்சாள் உண்மையாகவே வாசித்தார்.

"பிணையாளை விட்டவுடன ஆட்சியும் போட்டுது" என்றார். "அதுதான் அவ்வளவு காலமும் விடாமல் வைச்சிருந்திருக்கினம்."

கொஞ்சம் பொறுத்து, "வீட்டுக்குப் போன பொம்பிளையள் என்ன செய்தவை எண்டு ஒருத்தரும் எழுதேல்லை" என்றார். சுவரில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லைத்தான். நானும் தேடிப் பார்த்தேன்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இவர் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு மதில் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கம்பனி பஸ் ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் அடையாளம் கண்டு கை காட்டினார். இவர் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் அடுத்த பஸ்ஸில் ஏறிப் பேக்கர் ஸ்ட்ரீட் வந்து, ரயில் எடுத்தோம். எனக்கு ஒரு பக்கம் அண்ணன், மறு பக்கம் தங்கை. எதிரே ஒரு குடும்பம் விமான நிலையத்திலிருந்து வந்த பெட்டிகளோடு இருந்தது. வெம்பிளி பார்க் தாண்டும்போது இவர் வாய் திறந்தார். எனக்கு முன்னால் குனிந்து தங்கையைப் பார்த்துச் சொன்னார்.

"வந்திருக்க மாட்டன்."

"தெரியும்" என்றார் வதனா.

ஹரோ வந்தது. இறங்கி, மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். மகள் வகுப்பில் ஏதோ பரிசு வாங்கியிருந்தாள். வதனாதான் முதலில் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்.

மிச்சம் இரண்டு கிழமை. இவர் கேட்டு வாங்கி மேலதிக ஷிப்ட் செய்தார். வதனா சமைத்தார், தோட்டத்தில் களை பிடுங்கினார், நான் வேலை செய்யும் மருந்தகத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து தந்தார். ஒருவரோடு ஒருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். தேத்தண்ணி வேணுமோ, கதவைச் சாத்தவோ என்ற அளவில். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருப்பது சண்டையைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் நான் இவரிடம், "மன்னிப்புக் கேளுங்கோ" என்றேன். "எதுக்கெண்டு கேக்க? போனதுக்கோ, வராததுக்கோ, சிரிச்சதுக்கோ?" என்று கேட்டார். 

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் குசினி மேசையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். இவர் வேலையால் வந்தவர், சீருடையும் மாற்றாமல் கதவடியில் நின்றார்.

"பிள்ளை, கடைசியா அம்மா என்னைப் பற்றி ஏதும் கேட்டவவே?"

வதனா மடித்துக்கொண்டிருந்த சட்டையை மேசையில் வைத்தார்.

"கேட்டவ. அவன் லண்டன் போய்ச் சேர்ந்திட்டானோ எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனீ?"

"ஓம், சேர்ந்திட்டான் எண்டனான். வேலையும் எடுத்திட்டான் எண்டனான். சந்தோசப்பட்டவ. அதுக்குப் பிறகு கன நேரம் இருக்கேல்லை."

இவர் கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "நான் அப்ப மொஸ்கோவில எல்லோ நிண்டனான். ஒரு அறையில பதினாலு பேர். லண்டனுக்கு வருவனோ எண்டே தெரியாது."

"எங்களுக்கு நீங்கள் உயிரோட இருக்கிறீங்களோ எண்டே தெரியாது அண்ணை. நீங்கள் கொழும்பால வெளிக்கிட்ட பிறகு கடிதமில்லை, ஒண்டுமில்லை. பொய்தான் சொன்னனான்."

 இவர் வந்து மேசைக்கு மறுபக்கம் இருந்தார். வதனா மிச்ச உடுப்பை மடித்தார். இவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். எல்லாவற்றையும் கசக்கித்தான் வைத்தார். இவர் எழும்பிப் போன பிறகு வதனா திரும்ப எடுத்து அடுக்கவில்லை, அப்படியே மூடினார். மறுநாள் ஹீத்ரோவில் என்னையும் மகளையும் கட்டிப்பிடித்தார். அண்ணனுக்குத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. நாங்கள் பார்த்த கண்காட்சி முடிந்துவிட்டது. ஆனால் லண்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் இரண்டில் ஜப்பானுக்கென்று நிரந்தரக் கூடங்கள் உண்டு, அனுமதி இலவசம். வாள், கவசம், தேநீர்ப் பாத்திரம், மர அச்சுப் படங்கள் எல்லாம் பார்க்கலாம். லண்டன் கோபுரக் கோட்டையில், அந்தக் காலத்து ஷோகன் ஒருவர் இங்கிலாந்து அரசனுக்கு அன்பளிப்பாக அனுப்பிய கவசம் இருக்கிறது. அங்கே கட்டணம் அதிகம், முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி திருத்த வேலைக்காக மூடுவார்கள். சனி ஞாயிறில் கூட்டம். முடிந்தால் வார நாளில், காலையில் போங்கள். ஊரிலிருந்து வந்த ஆசிரியர்கள் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோகலாம், கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொன்று. வடக்கில் அந்த வருடங்களில் இருந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், அன்றைக்கு வேறு திட்டம் வைக்காதீர்கள். கோப்பையும் பட்டும் இருக்கும் கூடம் வரைக்கும் ஒன்றுமில்லை. பாதைகளும் சாவடிகளும் வரும் இடத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சாள் போய் இரண்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. கண்காட்சியில் எடுத்த படங்களைக் கேட்டார், அனுப்பினேன். வகுப்பில் காட்டினாராம். அந்தச் சாவடிப் படத்தை மட்டும் காட்டவில்லையாம். என்னோடும் மகளோடும் நெடுநேரம் கதைக்கிறார், மழையைப் பற்றி, மாணவர்களைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் தனியாக, தன் போனில், தங்கைக்கு அழைப்பு எடுக்கிறார். முன்பெல்லாம் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். சில ஞாயிறு வதனா எடுத்து, "இருக்கிறன் அண்ணை, வேலை கிடக்கு, பிறகு கதைப்பம்" என்கிறார். சில ஞாயிறு மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. இவர் போனை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, தங்கைக்குத் திரும்பவும் ஒருமுறை எடுக்கிறார்.